மலையகத்திலிருந்து லேசர் கண் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தரம் 6 படிக்கும்போது எனக்குக் கண்ணாடி போட்டார்கள். முதலில் மைனஸ் 1.5. ஏ.எல். எழுதும்போது மைனஸ் 4. ஆசிரியர் நியமனம் கிடைத்து இரண்டு வருடத்தில் மைனஸ் 6-இல் வந்து நின்றது. தலவாக்கலைப் பக்கம் மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன் என்று கணக்கே இல்லை. தூறல் புள்ளி புள்ளியாக ஒட்டும். சேலைத் தலைப்பால் துடைத்தால் கோடு கோடாக இழுபடும். வெளிக்குளிரிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்தால் ஒரே வெள்ளை. பாடசாலைக்கு இறங்கும் கல்படியில் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

இப்போது கண்ணாடி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சிகிச்சை மேசையில் நான் படுத்திருந்தது கால் மணி நேரம்தான். ஆனால் போகலாம் என்று முடிவெடுத்த நாளிலிருந்து அந்த மேசைக்குப் போய்ச் சேர ஒன்பது மாதம் ஆனது. மூன்று தடவை கொழும்புக்கு வீணாகப் போய்வந்தேன். ஓர் இடத்தில் கட்டிய முற்பணம் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டது. அந்த அலைச்சலில் முக்கால்வாசி தேவையே இல்லாதது. என் தங்கச்சி வயதுப் பிள்ளைகள் இப்போது என்னிடம் வந்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

1. எந்த லேசர் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

நம் பக்கத்தில் "கண்ணுக்கு லேசர் அடிச்சாங்க" என்றால் அது மூன்று நான்கு வேறு விஷயமாக இருக்கலாம். சீனி வருத்தத்தில் விழித்திரை பழுதாகாமல் இருக்க அடிப்பது ஒரு லேசர். கண்புரை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு, லென்ஸுக்குப் பின்னால் படலம் மூடினால் அதைத் திறப்பது இன்னொரு லேசர். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல. கண்ணாடிப் பவரைக் குறைக்கச் செய்யும் லேசரைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

கருவிழிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல ஒரு தெளிவான படலம் இருக்கிறது. டொக்டர்மார் அதைக் கோர்னியா என்பார்கள். அதன் வளைவை லேசரால் செதுக்கி மாற்றுகிறார்கள். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால்தான் முன்பரிசோதனையை இவ்வளவு அழுத்திச் சொல்லப்போகிறேன்.

முக்கியமாக மூன்று முறைகள். லேசிக்கில் கோர்னியாவின் மேல்பகுதியை மெல்லிய மூடியாகத் திறந்து, உள்ளே செதுக்கி, மூடியைத் திரும்பப் படிய வைப்பார்கள். வலி குறைவு, அடுத்த நாளே பார்வை வரும். பிஆர்கே என்பதில் மூடி கிடையாது. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேராகச் செதுக்குவார்கள். தோல் திரும்ப வளரும்வரை நாலைந்து நாள் வலி, பார்வை தெளிய வாரக்கணக்கு. ஸ்மைல் என்பது சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய தகட்டை எடுப்பது. எது உங்களுக்கு என்பது உங்கள் கண்ணைப் பொறுத்தது. அவளுக்கு லேசிக் செய்தார்கள், எனக்கும் அதே வேண்டும் என்று கேட்காதீர்கள்.

2. வீட்டிலிருந்தபடியே தகுதி பாருங்கள்

பஸ் ஏறுவதற்கு முன்னால் இவற்றை நீங்களே பார்க்கலாம்.

வயது 18 முடிந்திருக்க வேண்டும். 21 வரை பொறுக்கச் சொல்லும் டொக்டர்மாரும் உண்டு. வயதைவிட முக்கியம், பவர் நின்றுவிட்டதா என்பது. கடைசி ஒரு வருடத்தில் 0.5-க்கு மேல் மாறியிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பவர் ஏறிக்கொண்டிருக்கும்போது செய்தால் பிறகும் ஏறும், திரும்பக் கண்ணாடிதான்.

கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள் இப்போது வேண்டாம். அந்தக் காலத்தில் பவர் மாறும், கண்ணும் காயும். பால் நிறுத்தி ஒரு மூன்று மாதம் போன பிறகு பாருங்கள்.

கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வருத்தம், ருமற்றொயிட் போன்ற மூட்டு வருத்தம், கண் வறட்சி, முன்பு கண்ணில் வந்த ஹெர்பிஸ் புண், முகப்பருவுக்குக் குடிக்கும் ஐசோட்ரெடினோயின் மாத்திரை என எது இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கெரட்டோகோனஸ் என்று கோர்னியா கூம்பு போல வெளியே தள்ளும் ஒரு நோய் இருக்கிறது. அது உள்ள கண்ணுக்கு லேசிக் செய்தால் பார்வை முன்பு இருந்ததையும்விட மோசமாகும். வீட்டில் யாருக்காவது அது இருந்தால், அல்லது உங்களுக்குச் சிலிண்டர் பவர் (கோர்னியாவின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இல்லாததற்குக் கொடுக்கும் பவர்) வருடா வருடம் ஏறினால், அதையும் சொல்லுங்கள். அடிக்கடி கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம்.

40 தாண்டியவர்களுக்கு: தூரப்பார்வை சரியானாலும் வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். லேசர் அதைத் தடுக்காது. என் அம்மா கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அவர் வாசிக்கிற கண்ணாடியோடு நிம்மதியாக இருக்கிறார்.

தொழிலையும் யோசியுங்கள். கவ்வாத்து வெட்டுகிறவர்கள், விறகு உடைக்கிறவர்கள், கராத்தே, கபடி விளையாடுகிறவர்கள் கண்ணில் அடிபட வாய்ப்புள்ளவர்கள். லேசிக் மூடி வருடங்கள் கழித்தும் பலமான அடியில் விலகக்கூடும். இவர்களுக்கு மூடி இல்லாத பிஆர்கே பொருத்தமாக இருக்கலாம். "என்ன வேலை?" என்று டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

3. கொன்டாக்ட் லென்ஸைக் கழற்றி வையுங்கள்: நான் ஏமாந்த இடம்

முதல் தடவை நான் ஒரு தனியார் நிலையத்துக்குப் போனேன். கொன்டாக்ட் லென்ஸ் போட்டபடியே போய், அங்கே கழற்றினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் ஸ்கேன் எடுத்து, லேசிக் செய்யலாம் என்று சொல்லி, அன்றே முற்பணம் வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, லென்ஸ் கோர்னியாவை அழுத்தி அதன் உருவத்தை மாற்றி வைத்திருக்கும் என்று. கழற்றிய உடனே எடுத்த அளவு உண்மையான அளவு அல்ல. சாதாரண மென்மையான லென்ஸ் என்றால் குறைந்தது 2 வாரம், சிலிண்டருக்கான லென்ஸோ கடினமான லென்ஸோ என்றால் 3 முதல் 4 வாரம் போடாமல் இருந்துவிட்டுத்தான் பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்த நாட்களில் பழைய கண்ணாடியை எடுத்துப் போடுங்கள்.

பிறகு வேறோர் இடத்தில் 2 வாரம் லென்ஸ் இல்லாமல் போய்ப் பரிசோதித்தேன். அங்கே கிடைத்த பதில் வேறு: லேசிக் எனக்குப் பொருந்தாது. முதல் இடத்தில் முற்பணத்தைத் திருப்பிக் கேட்க ஆறு மாதம் தொலைபேசியில் பேசினேன். அதனால் சொல்கிறேன்: பரிசோதனைக் கட்டணத்தை மட்டும் கட்டுங்கள். ஸ்கேன் முடிவு கையில் வந்து, வீட்டுக்குப் போய் ஒரு இரவு தூங்கி எழும்பிய பிறகு மட்டும் முற்பணம்.

4. கொண்டுபோக வேண்டிய ஆவணங்கள்

தேசிய அடையாள அட்டை. நம் ஆட்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சம்பளப் பட்டியலில் இன்னொரு பெயர். பழைய அட்டையில் பெயர் சிங்களத்தில் மட்டும் இருக்கும். பதிவு மேசையில் இருப்பவர் அதைப் பார்த்துத் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதுவார். என் பெயரில் ஒரு எழுத்து மாறி, காப்புறுதிக்கு பில் அனுப்பியபோது திரும்பி வந்தது. முதல் நாளே பெயரை ஆங்கிலத்தில் தெளிவாக ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். முதல் பில் வந்ததும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

கண்ணாடிப் பவர் எழுதித் தந்த பழைய துண்டுகள். பவர் நின்றுவிட்டது என்பதற்கு இதுதான் அத்தாட்சி. குறைந்தது ஒரு வருட இடைவெளியில் எடுத்த இரண்டு துண்டாவது வேண்டும். தொலைத்திருந்தால் கண்ணாடி வாங்கிய கடையில் கேளுங்கள், பதிவேட்டில் வைத்திருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் பழைய கண்ணாடியையே கொண்டுபோங்கள். மெஷினில் வைத்து அதன் பவரை வாசித்துவிடலாம்.

கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகளின் பெயர், ஒவ்வாத மருந்தின் பெயர்.

காப்புறுதி இருந்தால் அதன் அட்டை. அரசாங்க ஊழியர்களுக்கு அக்ரஹார என்ற காப்புறுதி இருக்கிறது, தனியார் நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு நிறுவனக் காப்புறுதி இருக்கலாம். ஆனால் கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசரை அவசியமான சிகிச்சையாகக் கருதாமல் தள்ளிவிடுவது வழக்கம். சிகிச்சைக்கு முன்னாலேயே, "இதற்குக் கொடுப்பீர்களா, எவ்வளவு, என்னென்ன ஆவணம் வேண்டும்" என்று எழுத்தில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

5. முன்பரிசோதனை நாள்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். கண்மணி விரிய சொட்டு மருந்து விடுவார்கள். அதன் பிறகு சில மணி நேரத்துக்குப் பக்கத்தில் எதுவும் தெரியாது, வெளிச்சம் கூசும். ஒரு வகை மருந்தில் அடுத்த நாள் வரைக்கும் மங்கல் இருக்கும். கூட ஒருவர் கட்டாயம் வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் எடுத்துப் போங்கள். நான் தனியாகப் போய், பஸ்ஸில் பெயர்ப்பலகை வாசிக்க முடியாமல் அவிசாவளையில் நின்று ஒவ்வொரு பஸ்ஸாக ஆளிடம் கேட்டுத்தான் ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருங்கள். எதையாவது விட்டால் கேளுங்கள்:

பவர் இரண்டு தடவை: சாதாரணமாக ஒன்று, சொட்டு மருந்து விட்ட பிறகு ஒன்று.

கோர்னியாவின் படம், டொபோகிராஃபி என்பார்கள். வண்ண வண்ணமாக வரும். கெரட்டோகோனஸ் இருந்தால் இதில்தான் பிடிபடும்.

கோர்னியாவின் தடிப்பு.

இருட்டில் கண்மணி எவ்வளவு விரிகிறது என்பது. மிக அதிகம் விரிந்தால் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவது கூடுதலாக இருக்கலாம்.

கண்ணீரின் அளவு. கீழ் இமைக்குள் சின்னக் காகிதக் கீற்றை ஐந்து நிமிடம் வைப்பார்கள்.

கண் அழுத்தம்.

விழித்திரை, அதுவும் ஓரம் வரைக்கும். மைனஸ் பவர் கூடியவர்களுக்கு விழித்திரை ஓரத்தில் மெலிவோ துளையோ இருக்கக்கூடும். இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது.

தடிப்புக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது புரிந்த பிறகுதான் எனக்குப் பயம் தெளிந்தது. கோர்னியாவின் நடுப்பகுதி சாதாரணமாக 540 மைக்ரோன் அளவில் இருக்கும். அது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஒரு பவரைக் குறைக்க ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரோன் வரை செதுக்க வேண்டும். லேசிக் மூடிக்கு 110 போகும். எல்லாம் போக அடியில் 250 மைக்ரோனாவது மிஞ்ச வேண்டும். 300 மிஞ்ச வேண்டும் என்று கண்டிப்பாக இருக்கும் டொக்டர்மாரும் இருக்கிறார்கள்.

எனக்கு இருந்தது 488. டொக்டர் ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே பேனையால் எழுதிக் காட்டினார். பவர் 6, தலா 14 என்றால் 84. 488-இலிருந்து 110 போய், 84 போனால் 294. 300-க்குக் குறைகிறது என்று அந்த 294-இன் கீழே இரண்டு கோடு போட்டார். பக்கத்தில் பிஆர்கே என்று எழுதி, மேல்தோலுக்கு 50, செதுக்க 84 கழித்து 354 என்று எழுதினார். "இது உங்களுக்குப் பாதுகாப்பு, ஆனா வலிக்கும்" என்றார். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

உங்கள் டொக்டரிடமும் இந்தக் கணக்கைக் கேளுங்கள். எழுதிக் காட்ட நேரம் இல்லை என்று சொல்கிற இடத்தில் நான் என் கண்ணைக் கொடுக்க மாட்டேன்.

செய்ய முடியாது என்று சொன்னால் மனம் உடைய வேண்டாம். அப்படிச் சொல்பவர் உங்கள் கண்ணைக் காப்பாற்றியிருக்கிறார். பவர் மிக அதிகமாக இருந்தாலோ கோர்னியா மெல்லியதாக இருந்தாலோ, கண்ணுக்குள் ஒரு சின்ன லென்ஸ் வைக்கும் வேறு முறை இருக்கிறது. அதைப் பற்றி அவரிடமே கேளுங்கள். வேறோர் இடத்துக்கு ஓடி "முடியும்" என்ற பதிலைத் தேடாதீர்கள்.

6. பணக் கணக்கு

டொலரோடு சேர்ந்து கட்டணமும் மாறுவதால் ரூபாய்த் தொகையை இங்கே எழுதவில்லை. நான் கட்டியதை நம்பி நீங்கள் கிளம்பினால் வழியில் நிற்க வேண்டி வரும். எதற்கெல்லாம் காசு போகும் என்று சொல்கிறேன். இரண்டு மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசி, இதே கேள்விகளைக் கேட்டு, கொப்பியில் எழுதி ஒப்பிடுங்கள்.

சொல்கிற தொகை ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா? விளம்பரத்தில் வரும் குறைந்த தொகை பெரும்பாலும் ஒரு கண்ணுக்குத்தான். மூடியை பிளேட்டால் திறப்பதற்கும் லேசராலேயே திறப்பதற்கும் விலை வேறு; எதற்கான விலை? முன்பரிசோதனைக் கட்டணம் இதில் கழிக்கப்படுமா? சொட்டு மருந்து சேருமா? திரும்பப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் செனல் கட்டணம் (டொக்டரைப் பார்க்கும் கட்டணம்) தனியாகவா, எத்தனை தடவை இலவசம்? கொஞ்சம் பவர் மிஞ்சினால் மறுபடி செதுக்க வேண்டி வரலாம். அது எத்தனை வருடத்துக்குள் இலவசம்? அன்று பரிசோதித்து வேண்டாம் என்று டொக்டரே சொன்னால் முற்பணம் திரும்புமா?

இதற்கு மேல் நம் பக்கத்துச் செலவு இருக்கிறது. நான் அதைக் கணக்கில் எடுக்காமல் போய்க் கடன் வாங்கினேன். இரண்டு பேருக்கு பஸ், கொழும்பில் முச்சக்கர வண்டி, தங்கும் இடம், சாப்பாடு, திரும்ப வரும் நாள் வாகனக் கூலி. மாதக்கணக்கில் வாங்க வேண்டிய செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு வேலைக்குப் போகாத நாட்களில் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. கூட வருகிறவருக்கும் அதே நட்டம். எல்லாம் சேர்ந்து சிகிச்சைக் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எனக்கு வந்தது. சீட்டு எடுப்பதாக இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

வேறு செலவு தாங்காதவர்கள் ஒன்று செய்யலாம். விழித்திரையையும் கண் அழுத்தத்தையும் கண்டி, பதுளை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளின் கண் கிளினிக்கில் இலவசமாகக் காட்டிவிட்டுப் போங்கள். அங்கே ஏதாவது பிடிபட்டால் கொழும்புப் பயணமே மிச்சம்.

7. நாள் குறிப்பது

பயணங்களை இப்படிக் கணக்கிடுங்கள். பரிசோதனைக்கு ஒன்று. சிகிச்சைக்கு ஒன்று. பிறகு ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று திரும்பக் காட்டுவது மூன்று. ஆக ஐந்து. லேசிக் என்றால் சிகிச்சையன்று இரவு அங்கேயே தங்கி, அடுத்த நாள் காலை காட்டிவிட்டு வரலாம். பிஆர்கே என்றால் கண்ணில் கட்டுத்துணி போல ஒரு லென்ஸ் வைப்பார்கள். தோல் வளர்ந்து அதை எடுக்க நாலைந்து நாள் ஆகும். அதுவரைக்கும் கொழும்பிலேயே இருங்கள். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளில் நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கடையில் வேலை செய்யும் சொந்தக்காரர் யாராவது இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. வெட்கப்படாமல் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஒரு மாதக் காட்டலை, உங்கள் டொக்டர் சொல்லும் வேறொரு கண் டொக்டரிடம் கண்டியிலேயே காட்டலாமா என்று கேளுங்கள். எனக்குச் சரி என்றார்கள். ஒரு நாள் மிஞ்சியது.

மாதத்தையும் பாருங்கள். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் காற்று குளிரும், கண் காயும். ஊவாப் பக்கத்தவர்கள், பதுளை, பண்டாரவளைக்காரர்கள், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களைத் தவிருங்கள். அந்தக் காற்றில் நல்ல கண்ணே எரியும். ஆசிரியர்களும் மாணவர்களும் ஏப்ரல் அல்லது டிசம்பர் விடுமுறையில் வைப்பது வசதி. லீவுக்கான வைத்தியச் சான்றிதழை சிகிச்சையன்றே கேட்டு வாங்குங்கள், பிறகு அதற்காக ஒரு பயணம் போக வேண்டாம்.

8. சிகிச்சை நாள்

தலைக்குக் குளித்து விட்டுப் போங்கள். பிறகு சில நாளைக்கு முடியாது. மை, பவுடர், சென்ட், பொடி ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். சென்டின் ஆவி லேசருக்கு இடைஞ்சல். முன்பக்கம் பட்டன் வைத்த உடுப்புப் போடுங்கள், கழற்றும்போது முகத்தில் உரசாது. வேறு அறிவுரை சொல்லாவிட்டால் லேசாகச் சாப்பிட்டுவிட்டே போகலாம். ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது, சொட்டு மருந்தால்தான் மரக்க வைப்பார்கள்.

சம்மதப் படிவம் நீட்டுவார்கள். பெரும்பாலும் ஆங்கிலம், சில இடத்தில் சிங்களம். முதல் நாளே அதன் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, தெரிந்தவரை வைத்து வரிக்கு வரி வாசித்துவிடுங்கள். மேசைக்குப் போகும் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தக் கண், எந்த முறை, எந்தப் பவர் என்று எழுதியிருப்பதையும் நீங்களே சரிபாருங்கள்.

மேசையில் இமை மூடாமல் ஒரு கிளிப் போடுவார்கள். லேசிக்கில் ஒரு வளையம் கண்ணை அழுத்தும்போது சில விநாடிகள் எல்லாம் இருண்டு போகும். அது சாதாரணம், பயப்பட வேண்டாம். எனக்கு பிஆர்கே என்பதால் அந்த வளையம் இல்லை. மேல்தோலைத் துடைத்து எடுப்பது மங்கலாகத் தெரிந்தது, வலி இல்லை. பிறகு மின்னும் வெளிச்சத்தையே பார்க்கச் சொன்னார்கள். டக் டக் என்று சத்தம். முடி கருகுவது போல ஒரு மணம். ஒரு கண்ணுக்கு லேசர் ஓடுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நடுவில் கண் கொஞ்சம் அசைந்தாலும் மெஷின் பின்தொடரும், அதிகம் அசைந்தால் தானே நிற்கும். நான் என் அம்மாயி பெயரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன், முடிந்துவிட்டது.

லேசிக் செய்தவர்களுக்கு நாலைந்து மணி நேரம் எரிச்சலும் கண்ணீரும் இருக்கும். போனதும் தூங்குங்கள். பிஆர்கே செய்தவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் நாள்தான் கடினம். மிளகாய்த்தூள் விழுந்தது போல எரியும். அறையை இருட்டாக்கி, கொடுத்த வலி மாத்திரையை நேரத்துக்குக் குடித்துப் படுத்திருங்கள். வலி தாங்கவில்லை என்று மரக்க வைக்கும் சொட்டை பாமசியில் தேடி வாங்கி விடாதீர்கள். அது காயம் ஆறுவதைத் தடுக்கும், கோர்னியாவையே கெடுக்கும்.

9. வீட்டுக்கு வந்த பிறகு

எங்கள் வீட்டுக் கலண்டரில் அந்த மாதம் முழுக்க என் சொட்டு மருந்துக் கணக்குத்தான். ஒவ்வொரு நாளின் கட்டத்துக்குள்ளும் என் தம்பி மூன்று நிறப் பேனையால் கோடு போட்டு வைத்தான்: சிவப்பு அன்டிபயோட்டிக், நீலம் ஸ்டீரொயிட், பச்சை கண்ணீர்ச் சொட்டு. விட விட அடித்துக்கொண்டு வந்தோம். நீங்களும் அப்படி ஏதாவது செய்யுங்கள், மூன்று போத்தலும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு சொட்டுக்கும் மறு சொட்டுக்கும் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். விடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

ஸ்டீரொயிட் சொட்டைச் சொன்ன நாளுக்கு மேல் விடக்கூடாது, சொன்ன நாளுக்கு முன் நிறுத்தவும் கூடாது. கண் நன்றாக இருக்கிறதே என்று தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும், ஏறுவது உங்களுக்குத் தெரியாது. திரும்பக் காட்டப் போவதை நிறுத்தக்கூடாது என்று சொல்வது இதற்காகவும்தான்.

நம் வீடுகளுக்கென்று சில கவனங்கள் இருக்கின்றன. கொழும்பில் யாரும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

விறகடுப்புப் புகை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) அடுப்படி வேறு, படுக்கை வேறு என்று பிரிக்க இடமில்லை. குறைந்தது இரண்டு வாரம் சமையலை வேறு ஒருவரிடம் விடுங்கள், அல்லது புகையில்லாத உறவினர் வீட்டில் இருங்கள்.

பீலித் தண்ணீர். கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். தலைக்கு வேண்டுமானால் சலூனில் கழுவுவது போலப் பின்னால் சாய்ந்து, வேறொருவர் ஊற்ற வேண்டும். கண்ணுக்குள் போகக்கூடாது. ஆற்றில், குளத்தில் இறங்குவது ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

கோயில். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது நமக்குப் பழகிப்போன ஒன்று, கை தானாகப் போகும். எனக்கும் போனது, பக்கத்தில் நின்ற அம்மா பிடித்துவிட்டார். ஒரு மாதம் நெஞ்சில் ஒற்றிக்கொள்ளுங்கள். நெற்றி நிறையத் திருநீறும் வேண்டாம், உதிர்ந்து கண்ணில் விழும்.

மருந்து அடிக்கும் மலைக்குள் போகாதீர்கள். தேயிலைத் தூள் பறக்கும் தொழிற்சாலை வேலையும் டொக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

தூக்கத்தில் கசக்காமல் இருக்க இரவில் கொடுக்கும் பிளாஸ்டிக் மூடியைச் சொன்ன நாள்வரை போடுங்கள். ஒரு மாதம் எந்தக் காரணத்துக்கும் கண்ணைக் கசக்காதீர்கள்.

உயரமான இடத்தில் இருப்பதால் ஏதாவது ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். நம் மலைகளின் உயரத்தால் லேசிக்குக்கோ பிஆர்கேக்கோ கெடுதல் இல்லை. ஆனால் மேலே போகப்போகப் புற ஊதாக் கதிர் கூடும், அது பிஆர்கே செய்த கண்ணில் மங்கலை உண்டாக்கலாம். வெயில் சுடாத குளிர்நாளிலும் சில மாதங்களுக்கு நல்ல கறுப்புக் கண்ணாடி போடுங்கள்.

பார்வை வருவது பற்றி ஒன்று. பிஆர்கே செய்த எனக்கு ஐந்தாம் நாள் லென்ஸை எடுத்தபோது பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல இருந்தது. மூன்றாம் வாரம் கரும்பலகை தெரிந்தது. மூன்று மாதத்தில்தான் நிலையானது. இடையில் ஒரு கண் நன்றாகவும் மற்றது மங்கலாகவும் இருந்த நாட்களில் நான் அழுதிருக்கிறேன். அது வழக்கமான ஒன்று என்று யாராவது சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். இரவில் வாகன விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதும், கண் காய்வதும் சில மாதம் இருக்கும். சிலருக்கு முழுதாகப் போகாமலும் இருக்கலாம். இதை முன்பே அறிந்து சம்மதியுங்கள்.

கடும் வலி திடீரென்று வந்தால், பார்வை திடீரென்று குறைந்தால், சீழ் வந்தால், சிவப்பு கூடிக்கொண்டே போனால், கண்ணில் அடிபட்டால் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சிகிச்சை செய்த இடத்துக்கு உடனே அழையுங்கள். இரவு இலக்கத்தை முதல் நாளே வாங்கி வையுங்கள். எடுக்கவில்லையென்றால் கண் பிரிவு உள்ள பெரிய அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். தோட்டப் பாதையில் எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

10. கடைசியாக வாங்கி வைக்க வேண்டிய தாள்கள்

மூன்றாம் மாதக் காட்டலில் எல்லாம் சரி என்றதும் சந்தோஷத்தில் எழும்பி வந்துவிடாதீர்கள். சிகிச்சைக்கு முன்னால் எடுத்த பவர், கோர்னியா வளைவு, தடிப்பு, டொபோகிராஃபிப் படம், எந்த முறை, எவ்வளவு செதுக்கினார்கள் என்ற விபரம், கடைசிப் பவர் எல்லாவற்றையும் பிரதி கேட்டு வாங்குங்கள். 60 வயதில் கண்புரை வந்து லென்ஸ் வைக்கும்போது, லேசர் செய்த கண்ணுக்கு லென்ஸ் பவரைக் கணிப்பது கஷ்டம். அன்றைய டொக்டருக்கு இந்தப் பழைய அளவுகள் வேண்டும். அவ்வளவு காலத்துக்கு எந்த நிலையமும் உங்கள் கோப்பை வைத்திருக்கும் என்று நம்ப முடியாது. நான் பிறப்புச் சான்றிதழோடு ஒரே பொலித்தீன் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள், மழையில் கூரை ஒழுகும் வீடுகள் நம்முடையவை.

சாரதி அனுமதிப்பத்திரத்தில் கண்ணாடி அவசியம் என்று பதிந்திருந்தால் அதை மாற்றும்வரை கண்ணாடியில்லாமல் ஓட்டினால் பொலிஸில் பிரச்சினை வரும். பார்வை நிலையான பிறகு புதிய வைத்தியச் சான்றிதழ் எடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மைனஸ் பவர் போனாலும் கண்ணின் நீளம் மாறுவதில்லை, விழித்திரை பழைய விழித்திரைதான். கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் திடீரென்று கூடினாலோ, ஓரத்தில் திரை விழுந்தது போல இருந்தாலோ அன்றே கண் வைத்தியரிடம் போக வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்டுங்கள். எனக்கு அடுத்த காட்டல் மார்ச் மாதம், கண்டியில். கலண்டரில் இப்போதே குறித்துவிட்டேன்.